ராலே வண்டியும் ரெண்டு ஓட்டையும்

மக்களே, இந்தப் பக்கம் எட்டிப் பாத்து நாலு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. புடுங்கப் புடுங்க முளைச்சுட்டே இருக்கு. அதனால போன மாசம் நாலு நாள் லீவு போட்டுட்டு மண்ணரைக்குப் போயிட்டேன். ஓய்வெடுக்கத்தான் போனேன். ஆனா போன இடத்துல ஒரு சைக்கிள் என்னைப் பிடிச்சுகிச்சு. அதனால மாமா இப்போ என்கிட்ட சரியா பேசறதில்லை. தப்பு என் மேலயா அவர் மேலயான்னு முழுசா படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

மண்ணரை எங்கன்னு கேக்கறவங்களுக்கு: திருப்பூர்ல இருந்து ஊத்துக்குளி ரோட்டைப் பிடிச்சா வர்ற ஊரு. நொய்யல் பக்கம். ஒரு காலத்துல தோட்டம் தொரவு, இப்போ சந்துக்குச் சந்து தையல் மெஷின் சத்தம். எங்க அம்மாவோட பொறந்த வீடு அங்கதான். அப்புச்சி 2011ல தவறிட்டார். அம்மாயி இருக்காங்க, எம்பது தாண்டியாச்சு, காது மட்டும் அவங்களுக்கு வேணும்ங்கறப்ப கேக்கும். மாமா பத்து மெஷின் வெச்சு பவர் டேபிள் நடத்துறார்.

வீட்டுப் பின்னாடி அட்டாலிக்குக் கீழ, பழைய துணி மூட்டைக்கு நடுவுல அப்புச்சியோட சைக்கிள். ஊருக்கே அது 'ராலே வண்டி'. "ராலே வண்டிக்காரர் வூடு எங்கீங்க?"ன்னு கேட்டா அந்தக் காலத்துல எங்க வீட்டுக்குத்தான் வழி காட்டுவாங்களாம். வெள்ளைக்கார தொரை ஒருத்தர் ஊருக்குத் திரும்பிப் போறப்போ அப்புச்சிக்குக் குடுத்துட்டுப் போன அசல் இங்கிலாந்து வண்டின்னு நான் சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்த கதை. முன்னாடி தலைக்குழாய்ல பித்தளை பேட்ஜ். அதுல கொக்குத் தலை. சந்தேகமே வேண்டாம், ராலேதான்.

நான் போன சமயத்துல மாமா அதை விக்கிறதுக்கு ரெடி பண்ணிட்டு இருந்தார். புதுசா ஒரு காபி கடை திறக்கறவர், சுவத்துல மாட்ட பழைய சைக்கிள் தேடறாராம். "1940 ராலே, மேட் இன் இங்கிலாண்ட்"னு சொன்னதும் 35,000 தர்றேன்னுட்டார். மாமாவுக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் ஓவர்லாக் மெஷின் வேணும். ஆர்டர் கையில இருக்கு, மெஷின் பத்தலை. கணக்கு சரியா இருக்கு.

"மாப்ள, நீ இன்ஜினியரிங் படிச்சவன். இது எந்த வருசம்னு கம்ப்யூட்டர்ல பாத்து ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. அவரு கேக்கறாரு" அப்படின்னார்.

இன்ஜினியரிங் படிச்சவன்கிட்ட எதை வேணா கேக்கலாம்ங்கறது நம்ம நாட்டுச் சட்டம். மிக்ஸி ரிப்பேர்ல இருந்து சைக்கிள் ஜாதகம் வரைக்கும். சரின்னு இறங்கிட்டேன்.

பேட்ஜ் ஒரு கமெண்ட் மாதிரி

பொட்டி தட்டறவங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். பழைய ப்ரோக்ராம் ஒண்ணு கைக்கு வருது. மேல அழகா கமெண்ட் எழுதி வெச்சிருக்கு, 'இது இன்ன வேலை செய்யும்'னு. அதை நம்பிப் போனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஆபீஸ்ல உக்காந்திருப்போம். கோடு என்ன செய்யுதுன்னு கோடைப் படிச்சாதான் தெரியும். சைக்கிள்ல பேட்ஜ்ங்கறது அந்த கமெண்ட். ரெண்டே ரெண்டு திருகு. கழட்டி வேற வண்டில மாட்ட அஞ்சு நிமிசம் போதும்.

ஃப்ரேம் அப்படி இல்லை. குழாயும் குழாயும் சேர்ற இடத்துல ஒரு இரும்பு உறை போட்டிருப்பாங்க. லக்னு பேரு. அந்த உறைக்குள்ள குழாயைச் சொருகி, பித்தளையை உருக்கி இடுக்குல ஓட விட்டுப் பத்த வெப்பாங்க. ஒரு தடவை பத்த வெச்சா அதோட ஜென்மம் அதுதான். அந்த உறையோட வடிவம், அதை அரத்தால ராவின விதம், எங்க நம்பர் குத்தியிருக்கு, மரை எப்படி வெட்டியிருக்கு, இதெல்லாம் செஞ்சவன் கைரேகை மாதிரி. இங்கிலாந்துல சின்னச் சின்னப் பட்டறைல ஒரு ஆளே கையால கட்டின ஃப்ரேம்களை, பெயிண்டும் பேரும் போயிட்டாலும், லக் ராவின அழகை வெச்சே இன்னார் வேலைன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. ஹெட்சின்ஸ்னு ஒரு பட்டறை, லக்ல சுருள் சுருளா கோலம் மாதிரி வெட்டியிருப்பாங்க. அதுக்கு பேட்ஜே தேவையில்லை.

நம்ம வண்டி அந்த ஜாதி இல்லை. சாதா ரோட்ஸ்டர், பார் வெச்ச கறுப்பு வண்டி. ஆனா படிக்கற முறை ஒண்ணுதான். எதை எதையெல்லாம் பார்த்தேன்னு வரிசையா சொல்றேன், உங்க வீட்டுப் பழைய வண்டிக்கும் உதவும்.

சாட்சி இல்லாத சாட்சிகள்

முதல்ல, மாமா பெருமையா காட்டின ஆதாரங்கள்.

"போக்ஸ் கம்பி எண்ணிப் பாரு மாப்ள, முன்னாடி 32, பின்னாடி 40. இங்கிலீஷ் கணக்கு!" உண்மைதான், இங்கிலீஷ் கணக்கேதான். ஆனா அதையே அப்படியே இந்தியாவிலயும் எடுத்துகிட்டாங்க. இன்னிக்கும் கடைல விக்கற ரோட்ஸ்டர் சைக்கிள்ல அதே 32, 40தான். தள்ளுபடி.

"சீட்டு புரூக்ஸ்." சரி. பர்மிங்காம் கம்பெனிதான். ஆனா சீட்டு ஒரு ஸ்பானர் வேலை. யாரோட வண்டில இருந்து யாரோட வண்டிக்கு வேணா போகும். தள்ளுபடி.

இந்த வரிசைல ஒண்ணு மட்டும் கொஞ்சம் கெட்டி: ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப். மூணு கியர் வெச்ச இங்கிலாந்து வண்டி உங்க வீட்டுல இருந்தா, பின் சக்கர ஹப் மேல எண்ணெயும் அழுக்கையும் துடைச்சுப் பாருங்க. செஞ்ச வருஷத்தைக் குத்தியிருப்பாங்க. 52ன்னு இருந்தா 1952. அதுவும் ஹப்புக்குத்தான் பிறந்த தேதி, ஃப்ரேமுக்கு இல்லை. சக்கரம் மாத்தியிருந்தா போச்சு. எங்க வண்டில அது கிடையாது. சாதா ஃப்ரீவீல்.

அடுத்து பெடல் பக்கத்து பெரிய பல்சக்கரம். ராலே வண்டியோட பல்சக்கரத்துல மூணு கொக்குத் தலை வெட்டியிருக்கும். எங்க வண்டில 'பி எஸ் ஏ'ன்னு மூணு எழுத்து. நான் கொஞ்சம் திகைச்சுட்டேன். பி.எஸ்.ஏ.ன்னா பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ், துப்பாக்கி செஞ்ச கம்பெனி, அதான் அவங்க சின்னத்துல மூணு துப்பாக்கி. "அப்போ இது பி.எஸ்.ஏ. வண்டியா?"ன்னார் மாமா, முகம் சின்னதாகி. அதுவும் சொல்ல முடியாது. ஏன்னா பி.எஸ்.ஏ. தன் உதிரி பாகங்களைத் தனியாவும் ஊரெல்லாம் வித்த கம்பெனி. பல்சக்கரமும் கிராங்கும் ஒரு காட்டர் பின் தட்டினா கழண்டு வரும். சந்தேகம் வந்துச்சு, தீர்ப்பு வரலை.

மரை எண்ணின கதை

அப்போதான் எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. பெடல் ஆக்ஸில் உக்கார்ற குழாய்க்குள்ள கப் திருகறதுக்கு மரை வெட்டியிருப்பாங்க. பிரிட்டன்ல பொதுவா எல்லாரும் அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்காம் ராலே மட்டும் தனி வழி, 26 மரை. எந்தப் பாகம் போனாலும் நம்மகிட்டயே வந்து வாங்கணும்ங்கற மாதிரி. (இன்னிக்கு செல்போன் சார்ஜர்ல பண்றாங்களே, அந்த வேலையை அன்னிக்கே பண்ணிட்டாங்க.) பழைய ராலே வெச்சிருக்கற வெளிநாட்டுக்காரங்க இன்னிக்கு வரைக்கும் இந்த 26ஐத் திட்டிட்டு இருக்காங்க.

கப் துருப் பிடிச்சு ஒட்டிகிச்சு. ராத்திரி முழுக்க டீசல் ஊத்தி ஊற வெச்சு, மறுநாள் பக்கத்து சைக்கிள் கடைப் பெரியவரைக் கூட்டிட்டு வந்தோம். அவர் ரெண்டு தட்டு தட்டினார், வந்துடுச்சு. பால்ரஸ் எல்லாம் தரைல உருண்டு ஓடுது, பக்கத்து வீட்டுப் பசங்க பொறுக்கிட்டு இருக்காங்க. லேத் பட்டறைல கேட்டு வாங்கிட்டு வந்த திரெட் கேஜை வெச்சுப் பாத்தேன். 26 உக்காரலை. 24 கச்சிதமா உக்காந்துச்சு.

நாட்டிங்காம்ல செஞ்ச ராலே இல்லை இது.

மாமா ஒண்ணும் பேசலை. நான் பேட்ஜைக் கழட்டலாமான்னு கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். ரெண்டு திருகு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு. பேட்ஜ் கழண்டுச்சு. அதுக்குப் பின்னாடி, பட்டி வெச்சு அடைச்ச இன்னும் ரெண்டு ஓட்டை. வேற இடைவெளில. அந்த ஓட்டையைச் சுத்தி வேற வடிவத்துல ஒரு நிழல். முன்னாடி அங்க இருந்த பேட்ஜோட தழும்பு.

நீலத்துக்கு அடில கறுப்பு

வண்டிக்கு மேல பூசியிருந்தது நீல எனாமல். மாமா 1985 வாக்குல அடிச்சது. அதுக்கு அடில கறுப்பு. இங்கதான் நான் எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேக்கற விஷயம் ஒண்ணு இருக்கு. பழைய வண்டி கிடைச்சா நம்ம ஆளுங்க முதல்ல செய்யறது என்ன? திருப்பூர்ல பவுடர் கோட்டிங் பட்டறைக்கா பஞ்சம்? கொண்டுபோய் மொத்தமா சுரண்டி, பளபளன்னு அடிச்சுட்டு வந்துடுவோம். மாமாவும் அதுக்கு நாள் குறிச்சிருந்தார். அப்படிப் பண்ணியிருந்தா இந்தப் பதிவே இல்லை. அந்த ரெண்டு ஓட்டையும் அடைபட்டிருக்கும், அடில இருந்ததும் போயிருக்கும்.

நைஸான வாட்டர் பேப்பரைத் தண்ணில நனைச்சு, சீட்டுக்குக் கீழ வர்ற குழாய்ல மட்டும், தீக்குச்சிப் பொட்டி அளவு இடத்துல, நீலத்தை மட்டும் போக்கினேன். ஒண்ணரை நாள் வேலை. அம்மாயி நடுவுல வந்து, "பாத்தரம் வெளக்கறாப்ல வெளக்கறியே கண்ணு, அதுல சோறா ஆக்கப் போற?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

கறுப்பு மேல மங்கலா தங்க நிறத்துல எழுத்து தெரிஞ்சுது. முதல் பாதி இல்லை. கடைசி அஞ்சு எழுத்துதான், 'குலிஸ்'. கொஞ்சம் கீழ 'மேட் இன் இந்தியா'. அதுக்கும் கீழ 'மெட்ராஸ்'.

ஹெர்குலிஸ். அம்பத்தூர்.

இந்த இடத்துல கொஞ்சம் சரித்திரம் சொல்லிக்கறேன், தூங்கிடாதீங்க. ஹெர்குலிஸ் பர்மிங்காம்ல 1910ல ஆரம்பிச்ச கம்பெனி. 1946ல ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ்ங்கற பெரிய கம்பெனி அதை வாங்கிச்சு. அந்த ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் நம்ம முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949ல மெட்ராஸ்ல டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பிச்சாங்க. அம்பத்தூர் ஆலைல இருந்து முதல் ஹெர்குலிஸ் 1951ல வெளிய வந்துச்சு. 1955ல குழாய்க்குன்னே ஆவடில தனி ஆலை. இன்னொரு பக்கம், ராலேயும் இந்தியாவுல கூட்டு சேர்ந்து சென் ராலேன்னு வங்காளத்து அசன்சோல்ல ஆலை போட்டாங்க. பின்னாளில் அதை அரசாங்கம் எடுத்து, சைக்கிள் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா ஆக்கிடுச்சு. ஆக, சைக்கிள்ல இங்கிலீஷ் பேரு இருக்கறதால அது கப்பல்ல வந்ததுன்னு அர்த்தமே இல்லை. அம்பத்தூர்ல இருந்து லாரிலயும் வந்திருக்கும்.

இப்போ வயசு. ஆலைல முதல் வண்டி வந்தது 1951. அதனால அதுக்கு முன்னாடி இருக்க முடியாது. வெள்ளைக்கார தொரை 1947ல மூட்டை கட்டிட்டார். கதை அங்கயே படுத்துடுச்சு. எதுக்குப் பின்னாடி இருக்க முடியாது? அதுக்கு ஒரு சின்ன தகர வில்லை உதவி பண்ணுச்சு. அந்தக் காலத்துல சைக்கிளுக்கு வரி உண்டு. முனிசிபாலிட்டி, பஞ்சாயத்துல கட்டினா ஒரு வில்லை தருவாங்க, வண்டில மாட்டிக்கணும். வில்லை இல்லாம போனா, லைட் இல்லாம போனா, டபுள்ஸ் போனா பிடிச்சுடுவாங்க. எங்க வண்டியோட சீட்டு போல்ட்ல துருவோட துருவா ஒரு வில்லை. ஊர்ப் பேரு அழிஞ்சு போச்சு, வருஷம் மட்டும் தெரியுது, 1963-64. வில்லையும் வண்டி மாறும்தான். ஆனா அது போல்ட்டோட சேர்ந்து துருவால ஒட்டிப் போயிருந்த விதத்தைப் பார்த்தா, மாட்டின நாள்ல இருந்து அங்கயே இருக்குன்னுதான் நினைக்கிறேன். ஆக 1951க்கும் 1964க்கும் நடுவுல.

அம்மாயி வாய் திறந்தாங்க

அன்னிக்கு ராத்திரி திண்ணைல உக்காந்து, பேட்ஜைக் கைல வெச்சுட்டு அம்மாயிகிட்ட கேட்டேன். "ஏன் அம்மாயி, இது ராலே இல்லையாமா?"

அம்மாயி சிரிச்சாங்க. காது நல்லாக் கேட்டுச்சு அன்னிக்கு.

"உங்க அப்புச்சி பண்டமா அது. 61ல என்னைப் பொண்ணு பாக்க வர்றப்போ வண்டி வேற என்னமோ பேருதான். எங்க பெரியப்பன் ராலே வெச்சிருந்தாரு. மாப்ளைக்கு ராலே இல்லீனா மதிக்க மாட்டாங்கன்னு ஆரோ சொல்லிப் போட்டாங்க. சைக்கிள் கடைல இந்தத் தகட்டை மட்டும் ரெண்டு ரூவாய்க்கு வாங்கி ஒட்டிட்டு வந்துட்டாரு. கல்யாணம் முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு என்கிட்டச் சொன்னாரு. ஆருகிட்டயும் சொல்லாதேன்னாரு. நானும் சொல்லலை."

அறுபது வருஷத்துக்கும் மேல. பெத்த பசங்ககிட்டகூடச் சொல்லலை. வெள்ளைக்கார தொரை எப்போ கதைக்குள்ள வந்தார்னு அம்மாயிக்கே தெரியலை. பேட்ஜுக்குப் பொருத்தமா ஒரு கதை வேணும்ல, அது தானா முளைச்சிருக்கும்.

இதுல ஒரு காமெடி சொல்லட்டுமா? ஹெர்குலிஸை வாங்கின அதே ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ், 1960ல ராலேயையும் சேத்துகிச்சு. அப்புச்சி 61ல பேட்ஜை மாத்தறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ரெண்டு கம்பெனியும் சம்பந்தி ஆயிட்டாங்க. அப்புச்சி செஞ்சது ஒரு வகைல சட்டப்படி சரிதான் :)

இன்னொண்ணும் சொன்னாங்க. தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேர்ற இடத்துல பித்தளை கொஞ்சம் தடிமனா வழிஞ்சு, அரத்தால ராவின தடம் இருந்துச்சு. ஆலை வேலை அவ்வளவு முரட்டுத்தனமா இருக்காதேன்னு யோசிச்சுட்டு இருந்தேன். "அது ஆத்துல உளுந்தது. பஞ்சு மூட்டையோட தரைப்பாலத்துல போனாரு, தண்ணி இழுத்துருச்சு. வண்டி ரெண்டா வுட்டுப் போச்சு. அனுப்பர்பாளையத்துல பாத்தரம் செய்யறவரு ஒருத்தர்கிட்டக் குடுத்துப் பத்த வெச்சுட்டு வந்தாரு." அனுப்பர்பாளையம் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் போன ஊரு. குடம் பத்த வெச்ச கை, சைக்கிளையும் பத்த வெச்சிருக்கு. அதுக்கு அப்புறம் முப்பது வருஷம் மூட்டை சுமந்திருக்கு அந்த மூட்டு. ஒரு விரிசல் இல்லை.

இந்த ஃப்ரேமைச் செஞ்சது யாருன்னு மாமா கேட்ட பேப்பர்ல என்ன எழுதறது? அம்பத்தூர்ல பேர் தெரியாத தொழிலாளிங்க. அனுப்பர்பாளையத்துல ஒரு பாத்திரக்காரர். பேரு வெச்சது எங்க அப்புச்சி. இதான் உண்மையான பதில். வெளிநாட்டுல கையால கட்டின ஃப்ரேமை யார் கட்டினதுன்னு வருஷக்கணக்குல தேடறாங்க, லட்சக்கணக்குல குடுக்கறாங்க. எங்க வண்டில முழுக்க முழுக்க ஒருத்தர் கையால செஞ்சதுன்னு சொன்னா அந்த ஒரு மூட்டுதான். அதைத்தான் பவுடர் கோட்டிங்காரர் ராவித் தேச்சு சமமாக்கியிருப்பார்.

மாமாவோட கேள்வி

மறுநாள் காலைல மாமா கேட்டார். கோவமா இல்லை, நிதானமாத்தான் கேட்டார்.

"மாப்ள, எங்க அய்யன் ஒட்டின பேட்ஜு. நான் ஒட்டலை. அறுவது வருசமா ஊரே ராலேங்குது. வாங்கறவரு ஓட்டப் போறதில்லை, சுவத்துல மாட்டப் போறாரு. காபி குடிக்க வர்றவன் மரை எண்ணிப் பாக்கப் போறானா? ஆருக்கு என்ன நட்டம்?"

நல்ல கேள்வி. ரெண்டு நாள் யோசிச்சேன். மெஷின் இல்லாம ஆர்டர் போனா நஷ்டம் அவருக்கு. எனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துடும். நேர்மையைப் பத்தி லெக்சர் அடிக்கறது எனக்கு ஈஸி, அதுவும் எனக்குத் தெரியும்.

ஆனாலும் என் கருத்து இதுதான். அப்புச்சி பேட்ஜ் ஒட்டினது ஒரு ஆசை. பொண்ணு வீட்டுல தலை நிமிர்ந்து நிக்கணும்னு ஒரு ஜின்னிங் ஆலைக் கூலிக்காரருக்கு இருந்த ஆசை. ஊரு அதை ராலேன்னு கூப்பிட்டது ஒரு செல்லம். ரெண்டுலயும் யாரும் யார்கிட்டயும் காசு வாங்கலை. (பொண்ணைக் குடுத்தாங்களேங்கறீங்களா? அம்மாயி மூணு மாசத்துல மன்னிச்சுட்டாங்க, நம்ம யாரு கேக்கறதுக்கு.) அதே பேட்ஜைக் காட்டி 35,000 வாங்கறப்போ அது ஆசை இல்லை, பொய். தெரியாம வித்திருந்தா தப்பில்லை. அந்த ரெண்டு ஓட்டையைப் பார்த்ததுக்கு அப்புறம் தெரியாதுன்னு சொல்ல முடியாது. நான் பார்க்காம இருந்திருக்கலாம். பார்த்துட்டேன்.

இன்னொரு நஷ்டமும் இருக்கு. இந்த வண்டி 'இங்கிலாந்து ராலே'ன்னு சுவத்துல ஏறின நிமிசம், அம்பத்தூர் காணாமப் போயிடும். அனுப்பர்பாளையம் காணாமப் போயிடும். அப்புச்சியும் காணாமப் போயிடுவார். இருக்கறது யாருன்னே தெரியாத ஒரு தொரை மட்டும்தான். ராலேக்கு ஆவணம் காக்க நாட்டிங்காம்ஷையர்ல காப்பகம் இருக்கு. பழைய சைக்கிள் பத்தின கேட்டலாக், நம்பர் எல்லாம் சேர்த்து வைக்க பிரிட்டன்ல வெட்டரன் சைக்கிள் கிளப்னு அமைப்பே இருக்கு. மண்ணரைல பேட்ஜ் மாறின கதைக்கு இருந்த ஒரே ஆவணம் அம்மாயி. அவங்க பேட்டரி எத்தனை நாளைக்கோ.

நான் மாமாகிட்டச் சொன்னது இதுதான்: விக்கறதா இருந்தா வித்துக்குங்க மாமா, ஆனா என்னவோ அதையே சொல்லி வித்துருங்க. 'ஹெர்குலிஸ், அம்பத்தூர், 1951-64, ராலே பேட்ஜ் 1961ல கல்யாணத்துக்காக மாட்டினது'ன்னு. பேப்பர்ல எழுதிக் குடுத்தேன். அதோட வித்தா எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மாமா அந்தப் பேப்பரை அப்படியே காபி கடைக்காரருக்கு போட்டோ எடுத்து அனுப்பிட்டார். அதைத்தான் நான் எதிர்பார்க்கலை. பேரம் பேசுவார், மறைப்பார்னு நினைச்சேன். அனுப்பிட்டார். பதில் வந்துச்சு: 6,000னா எடுத்துக்கறேன். இந்தியா வண்டிக்கு அதுக்கு மேல வராது.

மாமா விக்கலை. ஓவர்லாக் மெஷினுக்கு நான் பாதி தர்றேன்னேன். வேண்டாம்னுட்டார். வட்டிக்கு வாங்கியிருக்கார் போல, அம்மா போன்ல சொன்னாங்க. நான் போன் பண்ணா "நல்லா இருக்கேன் மாப்ள, மெஷின் ஓடிட்டு இருக்குது, அப்புறம் பேசறேன்" அவ்வளவுதான். அந்த 29,000 வித்தியாசம் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்திருக்கு.

எனக்குக் கோவம் மாமா மேல இல்லை. '1940 இங்கிலாந்து'க்கு 35,000, 'அம்பத்தூர் 1951-64'க்கு 6,000 போட்டாரே, அந்த விலைப் பட்டியல் மேல. அதே கறுப்பு, அதே பித்தளை, அதே 32, 40. சுதந்திரம் வந்து நாலாவது வருஷத்துல நம்ம ஊர்ல செஞ்ச சைக்கிள், ஆத்துல விழுந்து எந்திரிச்சு முப்பது வருஷம் ஓடின சைக்கிள், அதுக்கு மதிப்பு தர நமக்கே மனசு வரலை. 1961ல எங்க அம்மாயி வீட்டுப் பெரியப்பன் போட்ட அதே மார்க்கைத்தான் இன்னிக்கு காபி கடைக்காரரும் போடறார். அப்புச்சி ரெண்டு ரூபா குடுத்து வாங்கின தகட்டோட விலை இன்னிக்கு 29,000 ஆகியிருக்கு, வேற எதுவும் மாறலை.

உங்க வீட்டுலயும் ஒரு வண்டி இருக்கும். பழைய இரும்புக் கடைக்குப் போடறதுக்கு முன்னாடி, பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி, நாலு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க: தலைக்குழாய் பேட்ஜ், பல்சக்கரம், சீட்டுக்குக் கீழயும் பெடல் ஆக்ஸில் குழாய்க்கு அடியிலயும் குத்தின நம்பர், குழாய்ல இருக்கற எழுத்து. பேட்ஜைக் கழட்ட முடிஞ்சா பின்னாடி எத்தனை ஓட்டைன்னு எண்ணுங்க. அதை விட முக்கியம், வீட்டுல இருக்கற பெரியவங்ககிட்ட 'இது எப்போ வாங்கினது'ன்னு கேக்காதீங்க, மனப்பாடம் பண்ணின பதில்தான் வரும். 'இது எப்போ ஒடைஞ்சுது, யார் சரி பண்ணாங்க'ன்னு கேளுங்க. அப்போதான் நிஜக் கதை வரும்.

பி.கு: பேட்ஜைத் திரும்ப மாட்டிட்டேன், அதே ரெண்டு திருகுல. அடில இருந்த பழைய ஓட்டையை அடைக்கலை. அம்மாயி மாட்டச் சொன்னாங்க. "அவரு ஒட்டினது, இருக்கட்டும் சாமி"ன்னாங்க.